மேலே அனுப்பிய புகார்

எஸ்கலேட் என்ற சொல்லை அவள் ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது சொல்வாள். ஹீட்டர் கம்பெனியின் புகார்ப் பிரிவில் ஆறு வருஷ வேலை. போனில் யாராவது குரலை உயர்த்தினால், "எஸ்கலேட் பண்ணிட்டேன் சார், மேல பாத்துப்பாங்க" என்று சொல்லிவிட்டுத் திரையில் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். அதோடு சத்தம் அடங்கிவிடும். மேலே என்றாலே ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை.

சொந்த அக்கா வீட்டு ஹீட்டரில் தீய்ந்த வாடை வந்தபோதும் அதைத்தான் செய்தாள். ஊழியர் தள்ளுபடியில் அதை வாங்கிக் கொடுத்ததே அவள்தான்.

"வெளியில ஒரு மெக்கானிக்கைக் கூப்பிடட்டுமாடி?"

"வாரண்டி போயிடும்க்கா. எஸ்கலேட் பண்ணிருக்கேன், வந்துடுவாங்க."

"அதுவரைக்கும் போடலாமா?"

"போட்டுக்கோ, ஒண்ணும் ஆகாது."

மறு வாரமும் அக்கா கேட்டாள். அவள் மறுபடி பொத்தானை அமுக்கினாள். அதற்கடுத்த வாரம், காலை எட்டு மணிக்கு, ஹீட்டர் வெடித்தது. குளித்துக்கொண்டிருந்த அத்தானுக்குத் தோளிலிருந்து முழங்கைவரை வெந்துவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் போய் மேலாளர் முன்னால் நின்றாள். "ரெண்டு தடவை அனுப்பினேன் சார். யார் பாத்தா?"

மேலாளர் பேனாவை மூடினார். "அதைப் பாத்துக்கிட்டிருந்தவர் போன வருஷமே வேலையை விட்டுட்டாரும்மா. இன்னும் ஆள் போடலை."

"அப்ப நாங்க அனுப்பினதெல்லாம்?"

"அப்படியே கிடக்கும்." எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "உங்க வேதனை புரியுது. தயவுசெஞ்சு இதை எஸ்கலேட் பண்ணிடாதீங்க."

வம்பை வளர்ப்பதற்கும் அதே சொல்தான் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

வளர்த்தாள். நடந்ததை எழுதித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினாள். ஹீட்டரைச் சுவரில் மாட்டினவர்கள் சரியாக மாட்டவில்லை என்று கம்பெனி பதில் எழுதிக் கையைக் கழுவிக்கொண்டது. பத்தாம் நாள் அவளைக் காதும் காதும் வைத்தாற்போல் கிடங்குப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

எல்லாவற்றையும் அக்காவிடம் போய்ச் சொன்னாள். அத்தானின் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்த அக்கா திரும்பவில்லை.

"அங்க ஆளே இல்லைன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியாதுக்கா."

"ஒரு வருஷமா?"

ஆள் வந்தார்கள், சரியாகிவிட்டது என்று அந்த வருஷத்தில் ஒருவர்கூடத் திரும்பக் கூப்பிட்டுச் சொன்னதில்லை. கூப்பிட்டவர்களும் அதே புகாரைத்தான், இன்னும் கொஞ்சம் கோபமாகச் சொன்னார்கள். அவளும் அமுக்கிக்கொண்டேதான் இருந்தாள்.

"அவர் தூங்கணும்" என்றாள் அக்கா. "நீ கிளம்பு."

அதற்குப் பிறகு அக்கா அவள் போனை எடுப்பதில்லை.