இணைப்பில் இல்லை

கத்தரீனா கட்டுகஸ்தோட்டையில் ஒரு பாடசாலையில் கணினி படிப்பிக்கிறாள். வீடு கடுகண்ணாவையில், மலையை வெட்டிச் சமப்படுத்திய இடத்தில். சமையலறைக்குப் பின்னால் உயரமான கல்சுவர், அதற்கு மேலே மண்மேடு, மேட்டில் ஒரு பலாமரம். போன வருட மழையில் அயலில் ஒரு வீடு புதைந்த பிறகு, கூரையோரத்தில் அந்த மேட்டைப் பார்த்தபடி ஒரு கமரா பூட்டினாள். பாடசாலையில் இருந்தாலும் போனைத் திறந்து மேட்டைப் பார்த்துக்கொள்வாள். பார்க்காவிட்டால் பாடம் ஓடாது.

அன்றைக்கு முற்பகலில் மழை பிடித்துக்கொண்டது. ஆசிரியர் அறையில் போனைத் திறந்தாள். படத்துக்குப் பதிலாக ‘இணைப்பில் இல்லை’ என்ற எழுத்து மட்டும் நின்றது.

வீட்டில் தனியாக இருந்த கணவன் வின்சன்டுக்கு அழைப்பு எடுத்தாள். அவனுடைய முறிந்த காலில் முழங்கால் வரை பிளாஸ்டர்.

“காலையில கம்பெனி ஆள் வந்து புது மோடம் போட்டுட்டுப் போனாரு,” என்றான் அவன். பழையது மின்னலில் எரிந்துபோயிருந்தது. “இன்டர்நெட் நல்லா வேலை செய்யுது. கமரா தன்னோட வேலை இல்லைன்னுட்டாரு.”

“மேட்டைப் பார்த்தீங்களா?”

“ஜன்னல்ல சுவர் தெரியுது. மேல பார்க்கணும்னா பின்படி ஏறணும். இந்தக் காலோட எப்படி?”

“அப்போ மஹ்ரூப் தம்பியோட கடைக்குப் போயிருங்க. நான் சொல்றேன் அவர்கிட்ட.” மஹ்ரூப்பின் கடை பெரிய வீதியில், அவர்கள் வீட்டுக்குக் கீழே இருந்தது.

“ரீனா, மேடு சரியுதுன்னு ரெண்டு தடவை ஓடினோம். ஒண்ணும் நடக்கல. போன தடவை ஓடுறப்போ விழுந்துதான் கால் இப்படி ஆச்சு. நீ கண்ணால பார்த்துட்டுச் சொல்லு, போறேன்.”

அவன் பிடிவாதம் அவளுக்குத் தெரியும். அழுது பார்ப்பதைவிடக் கமராப் படத்தை வரவழைத்துச் சொல்வதே சுருக்கமான வழி என்று நினைத்தாள். முதலில் மஹ்ரூப்புக்கு ஒரு செய்தி அனுப்பினாள்: ‘தம்பி, வீட்டுப் பக்கம் கொஞ்சம் போங்க.’ பிறகு, “மோடத்துக்கு அடியில ஸ்டிக்கர்ல நம்பர் இருக்கும், வாசிங்க,” என்றாள்.

“நூத்தித்தொண்ணூத்திரெண்டு, நூத்தியறுபத்தெட்டு, எட்டு, ஒண்ணு.”

உடனே விளங்கிவிட்டது. பழைய மோடத்தில் அந்த எட்டு இருக்கும் இடத்தில் ஒன்று இருந்தது. கமராவுக்காகப் பின்னறையில் தனியாக வைத்த ரவுட்டருக்கு அந்தப் பழைய எண்களைத்தான் அவள் நிரந்தரமாகக் கொடுத்து வைத்திருந்தாள்.

“மோடம் எட்டாம் தெருவுக்குக் குடி போயிடுச்சு. நம்ம ரவுட்டர் இன்னும் ஒண்ணாம் தெருவுல அதைத் தேடிக்கிட்டு நிக்குது. கமரா ரவுட்டரோடதான் இருக்கு, ஆனா வெளிய வர வழி இல்ல. பின்னறைக்குப் போய் போன்ல ரவுட்டரோட வைஃபையைப் பிடிங்க.”

“பிடிச்சேன். இன்டர்நெட் இல்லைன்னு சொல்லுது... ஐயோ, திரும்ப மோடத்துக்கே தாவிடுச்சு.”

“மோடத்து வைஃபையை மறக்கச் சொல்லுங்க. டேட்டாவையும் நிப்பாட்டுங்க. பிறகு ரவுட்டரோட செட்டிங்ஸ் பக்கத்தைத் திறங்க.”

அவன் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் மழை. மழைக்கும் பின்னால், மாவு மூட்டையை இழுப்பதுபோல இன்னொரு சத்தம்.

“அது என்ன?”

“கூரைப் பீலியில ஓடுற தண்ணியா இருக்கும். பக்கம் திறந்திருச்சு. பாஸ்வேர்டு சொல்லு.”

சொன்னாள். வெளியிணைப்பு என்ற பகுதிக்குப் போகச் சொன்னாள். கையால் கொடுத்த முகவரி என்றிருப்பதைத் தானாக எடுத்துக்கொள்ளும்படி மாற்றச் சொன்னாள். அப்படி மாற்றினால் புது மோடம் எந்தத் தெருவில் இருந்தாலும் ரவுட்டர் அதனிடமே முகவரி கேட்டு வாங்கிக்கொள்ளும்.

“இரு, குளிர் காத்து வருது. சமையலறைக் கதவைச் சாத்திட்டு வாறேன்.” ஊன்றுகோல் தட்டும் ஓசை போய்த் திரும்பி வந்தது. “சாத்த முடியல. நிலையில இறுகிப்போச்சு. மழைக்கு மரம் ஊதியிருக்கும்.”

கத்தரீனா எழுந்துவிட்டாள். காலையில் அந்தக் கதவை அவள்தான் சாத்திவிட்டு வந்தாள். இலகுவாகத்தான் மூடியது. நிலையே சரிந்தால்தான் சாத்திய கதவு தானாகத் திறந்து இறுகும்.

“படம் வேணாம். வெளிய போங்க.”

“இதோ முடிஞ்சிருச்சு.”

“வின்சன்ட், போங்கன்னா போங்க!”

ஆசிரியர் அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். “சேவ் அழுத்திட்டேன்,” என்றான் அவன்.

அவள் தன் போனில் கமராவைத் திறந்தாள். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு படம் வந்தது.

பலாமரம் படத்துக்குள் சாய்ந்து நின்றது. சுவர் நடுவில் பிள்ளைத்தாய்ச்சி வயிறுபோலப் புடைத்திருந்தது. தண்ணீர் வடிய விட்ட துளைகளிலிருந்து செம்மண் கூழாக வழிந்தது.

“முன்கதவால போங்க! ஒண்ணும் எடுக்காதீங்க! சுவர் வருது!”

ஊன்றுகோல்கள் வேகமாகத் தட்டின. ஊன்றுகோல் ஒன்று விழும் சத்தம். “மாதாவே,” என்று அவன் குரல். தொடர்பு அறுந்தது.

படம் மட்டும் ஓடியது, சத்தமே இல்லாமல். ஒரு கல் கழன்றது. அடுத்தது கழன்றது. மரம் மெதுவாக அவளை நோக்கி வந்தது. பிறகு படம் கறுத்தது.

அவன் எண்ணுக்கு எடுத்தாள், போகவில்லை. மஹ்ரூப்பின் எண்ணும் போகவில்லை. பாடசாலை அதிபரிடம்கூடச் சொல்லாமல் வீதிக்கு ஓடினாள். பஸ்சில் அவள் வாய் ஜெபம் சொன்னது, மனது கண்ட படத்தையே திரும்பத் திரும்ப ஓட்டியது. பிலிமத்தலாவையில் வீதியை மூடியிருந்தார்கள். மழைக்குள் இறங்கி நடந்தாள். எதிரே ஒரு அம்புலன்ஸ் கத்திக்கொண்டு கடந்தது. அதற்குள் யார் என்று கேட்க ஒருவரும் இல்லை.

மஹ்ரூப்பின் கடையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஒரு கதிரையில் வின்சன்ட் உட்கார்ந்திருந்தான். உடம்பெல்லாம் சேறு. பிளாஸ்டர் கரைந்து தொங்கியது. அவளைப் பார்த்ததும் எழ முயன்றான், முடியவில்லை.

“உங்க செய்தியைப் பார்த்துட்டு மேல ஏறினேன் அக்கா,” என்றான் மஹ்ரூப். “அண்ணா முன்படியில விழுந்து கிடந்தாரு. தூக்கிக்கிட்டு வளைவுகூடத் திரும்பல, பின்னால இருந்து காத்து வந்து தள்ளிச்சு. சமையலறையும் பின்னறையும் இல்ல.”

பின்னறையில்தான் ரவுட்டர் இருந்தது. அதன் பக்கத்தில் நின்றுதான் அவன் எல்லாம் செய்தான்.

வின்சன்ட் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். விரல்கள் பனிக்கட்டி. “படத்துல நான் தெரிஞ்சேனா?”

“இல்ல.”

“சத்தம் கேட்டுச்சா?”

“இல்லங்க. ஒண்ணுமே கேட்கல.”

அவன் தகரக் கூரையின் இரைச்சலை அண்ணாந்து கேட்டான். பிறகு கடையின் பின்சுவரைப் பார்த்தான்.

“தம்பி, இதுக்குப் பின்னால என்ன இருக்கு?”

“மலைதான் அண்ணா.”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மஹ்ரூப் கல்லாவைக்கூடப் பூட்டாமல் குனிந்து வின்சன்டின் ஒரு கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டான். மற்றக் கையைக் கத்தரீனா எடுத்துக்கொண்டாள்.