கால் மணி நேரச் சூரியன்

அந்த அலுவலகத்தில் அவளுக்குத் தந்தி என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் வேறு. ஒவ்வொரு சொல்லுக்கும் கட்டணம் கட்டிப் பேசுகிறவள் மாதிரி நறுக்கென்று பேசுவாள் என்பதால், வேலையில் சேர்ந்த மாதமே யாரோ வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அவள் கணவருக்கும் அங்கேதான் வேலை. அவருக்குப் பெயர் நிதானம். சூரியனே வெடித்தாலும் கையிலிருக்கும் தேநீரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் நாற்காலியை இழுத்துப் போடுவார். இதைப் பேச்சுக்காகச் சொல்லவில்லை. சூரியன் வெடிப்பதைப் பார்ப்பதுதான் அவர்கள் இருவருக்கும் உத்தியோகம்.

பூமியிலிருந்து பதினைந்து லட்சம் கிலோமீட்டர் தள்ளி, சூரியன் இருக்கும் பக்கமாக ஒரு செயற்கைக்கோள் நின்றது. அதில் ஒரு கேமரா. கேமராவின் முகத்துக்கு எதிரே, சூரியனை மறைக்க ஒரு வட்டத் தகடு. நாம் ஆயுளில் ஒரு தரமோ இரண்டு தரமோ பார்க்கிற முழுக் கிரகணத்தை அது ஓயாமல் பார்த்துக்கொண்டிருந்தது. சூரியனை மறைத்தால்தான் அதைச் சுற்றியிருக்கும் கொரோனா என்ற ஒளிவட்டம் கண்ணுக்குத் தெரியும். அந்தக் கொரோனாவிலிருந்து மலை மலையாகப் பிழம்பு பிய்த்துக்கொண்டு கிளம்புவதும் தெரியும். அதை அலுவலகத்தில் வீச்சு என்பார்கள். வீச்சு பூமிப் பக்கம் கிளம்பினால் இரண்டு மூன்று நாளில் வந்து மோதி, மின்சாரக் கம்பிகளிலும் விமானங்களின் வானொலியிலும் வம்பு செய்யும். வருமா வராதா என்று முன்கூட்டியே சொல்வதற்காக மாடியில் ஓர் அறை, ஒரே ஒரு மேசை, மாறி மாறி வந்து உட்கார ஆட்கள்.

அந்தக் கேமராவை அணைத்துவிடலாமா என்று முடிவு செய்ய இன்று கூட்டம். அணைத்தால் தந்திக்கும் ஓய்வு. வேண்டாம், இன்னும் இரண்டு வருடம் ஓடட்டும் என்றால் அவளுக்கும் இரண்டு வருடம் நீட்டிப்பு. அவள் சொல்வதுதான் முடிவு என்று இயக்குநர் சொல்லிவிட்டார். அவர் ஒரு காலத்தில் அவளிடம் வேலை பழக வந்த பையன். கூட்டத்தில் மேடம் என்பார், வெளியே அக்கா என்பார். ஓடட்டும் என்று வாதாட அவள் எட்டுப் பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். தந்தி எட்டுப் பக்கம் எழுதினாள் என்றாலே அதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று அவளைத் தெரிந்தவர்கள் யூகித்திருக்க வேண்டும்.

கூட்டத்துக்கு நேரம் இருந்தது. அவள் மேசையில் உட்கார்ந்து அறையைச் சுற்றிப் பார்த்தாள். இப்போது சுவர் முழுக்கத் தட்டையான திரைகள். அவள் சேர்ந்த காலத்தில் வயிறு தள்ளிய கண்ணாடிப் பெட்டி ஒன்றுதான். படம் மேலிருந்து கோடு கோடாக இறங்கும். பாதி இறங்குவதற்குள் பொறுமை போய்விடும். திரை மேல் கண்ணாடித்தாளை ஒட்டி, வீச்சின் முன்விளிம்பை மார்க்கரால் வரைவார்கள். அடுத்த படம் வந்ததும் இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவே அளவுகோலை வைத்து அளந்தால் வேகம் கிடைத்துவிடும். தந்தியின் கோடுகள் எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், நிதானத்தின் கோடுகள் கோலம் போட்ட மாதிரி இருக்கும். இன்று எல்லாவற்றையும் கணினியே வரைந்து, அளந்து, எழுதியும் கொடுத்துவிடுகிறது. நல்லதுதான். ஆனாலும் அந்த மார்க்கரின் நெடி நினைவுக்கு வந்தபோது அவளுக்கு நெஞ்சு கனத்தது.

ஆள் மாறும்போது போகிறவர் வருகிறவருக்குச் செய்தி ஒப்படைக்க வேண்டும். எழுதி வைத்துவிட்டுப் போகக் கூடாது, எதிரே உட்கார்ந்து வாயால் சொல்ல வேண்டும். அந்த அறையின் சட்டம் அது. அதற்குக் கால் மணி நேரம். வரிசையும் உண்டு: முதலில் சூரியன் முகத்திலிருக்கும் கரும்புள்ளிகள், பிறகு அவற்றின் மேல் பளிச்சென்று நடக்கும் சுடர்வெடிப்புகள், பிறகு வீச்சு, கடைசியில் சூரியக் காற்றின் வேகம். மகள் பிறந்ததும் இருவரும் ஷிஃப்டை மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் மேசையில் என்றால் மற்றவர் வீட்டில். நடுவில் விழும் நேரத்துக்குப் பக்கத்து வீட்டு அக்கா குழந்தையை வைத்துக்கொள்வாள். அன்றிலிருந்து நான்கு செய்தியோடு ஐந்தாவது ஒன்றும் சேர்ந்துகொண்டது. முதல் நான்கையும் போகிறவர் சொல்வார், ஐந்தாவதை வருகிறவர் சொல்வார்.

“கிழக்கு ஓரத்துல ஒரு புள்ளிக் கூட்டம் திரும்பி வருது. ஃப்ளேர் ரெண்டு, சின்னது. வீச்சு இல்ல. காத்து நானூறு” என்று தந்தி முடிப்பாள்.

“பாப்பாவுக்கு லேசா சுடுது, மருந்து கொடுத்தாச்சு. பால் பொங்கிடுச்சு. அடுப்புப் பக்கம் வழுக்கும், பார்த்துப் போ” என்பார் நிதானம்.

இப்படியே குடித்தனம் நடந்தது. மகளின் பள்ளிக்கூடம், வீட்டு வாடகை, யார் கல்யாணத்துக்கு யார் போவது, எல்லாம் அந்தக் கால் மணி நேரத்தில் தீர்மானமாகும். சண்டை போடத்தான் வழியில்லை. கால் மணி நேரத்தில் சண்டையை ஆரம்பிக்கலாம், முடிக்க முடியாது.

ஒரு தரம் தந்தி ஒரு தவறு செய்தாள். அந்த வேலை தெரிந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. வீச்சு நேராக நம்மைப் பார்த்து வந்தால், தகட்டைச் சுற்றி முழு வளையமாகத் தெரியும். நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போனாலும் அதே வளையம்தான். எது என்று தெரிய சூரியனின் முகத்தைப் பார்க்க வேண்டும். நம் பக்கம் வெடித்திருந்தால் முகத்தில் சுடர் பளிச்சிட்டிருக்கும். அன்று வளையம் தெரிந்தது, முகத்தில் பளிச்சென்று ஒன்றுமில்லை. பின்பக்கம், நமக்கில்லை என்று சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். நிதானம் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு நேற்றைய முகத்தையும் இன்றைய முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நேற்று நடுவில் கறுப்பு நூல் மாதிரி நீளமாக ஒன்று கிடந்தது. இன்று அது இல்லை. சத்தமில்லாமல், சுடர் இல்லாமல், அந்த நூல் அப்படியே கழன்று நம்மை நோக்கிப் புறப்பட்டிருந்தது.

அவர் எச்சரிக்கை கொடுத்தார். புயல் வந்து மோதியபோது தயாராக இருக்க வேண்டியவர்கள் தயாராக இருந்தார்கள். அடுத்த ஒப்படைப்பில் அவர் நான்கு செய்தி சொன்னார், அவள் வீட்டுச் செய்தி சொன்னாள். தவறைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் அவளும் அழுது தீர்த்திருப்பாள். வாயே திறக்காத மனுஷனைக் கட்டிக்கொண்டால் அழுவதற்குக்கூடக் காரணம் தேட வேண்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மகள் வளர்ந்து வேறு ஊருக்கு வேலைக்குப் போனாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் நிதானம் ஓய்வு பெற்றார். அந்த வாரம் தந்திக்கும் ஒரு நாள் விடுமுறை கிடைத்தது. இருவரும் கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். தண்ணீர் மோட்டார் சத்தம் போடுவதைப் பற்றிப் பேசினார்கள், மகள் தொலைபேசியில் சொன்னதைப் பேசினார்கள், மழை வரும் போலிருக்கிறது என்றார்கள். கால் மணி நேரம் ஆனது. அதோடு சரக்குத் தீர்ந்துபோனது. அவர் செய்தித்தாளை விரித்தார், அவள் துடைத்து வைத்திருந்த அலமாரியை மறுபடி துடைத்தாள். அன்று தந்திக்கு வந்த பயம் இன்னும் போகவில்லை. இத்தனை வருடம் குடும்பம் நடத்திய இரண்டு பேருக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஒன்றுமே இல்லையென்றால்? அடுத்த நாளே மற்றவர்கள் வேண்டாம் என்று தள்ளிவிடும் ஷிஃப்டுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவர் எழும்போது அவள் தூங்குவாள், அவள் வரும்போது அவர் தூங்குவார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கும் இதுதான் நிம்மதி போலிருக்கிறது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். எட்டுப் பக்கத்துக்கும் அதுதான் காரணம்.

கூட்டம் தொடங்கும்போது, கழுத்தில் விருந்தாளி அட்டை தொங்க, நிதானம் உள்ளே வந்தார். தந்தி திடுக்கிட்டுப் போனாள். கேமரா அனுப்பிய முதல் படம் அவர் மேசையில் இருந்தபோது வந்தது, அதனால் வரச் சொன்னேன் என்றார் இயக்குநர். பிறகு நிலைமையை விவரித்தார். கேமராவின் கண் பாதி பழுது. எந்தப் படத்தைப் பார்த்தாலும் உப்புத் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி. குளிர் தாங்க ஒரே ஒரு ஹீட்டர் மிச்சம். புதுச் செயற்கைக்கோள் மேலே போய் வேலையைத் தொடங்கிவிட்டது. ஆனாலும் பழையது வேண்டும் என்று மேடம் சொன்னால் மேலிடத்தில் பேசி வாங்கித் தருகிறேன் என்றார்.

தந்தி எட்டுப் பக்கத்தைப் பிரித்தாள். ஒன்றுக்கு இரண்டு கண் இருப்பது நல்லது என்று தொடங்கினாள். அவள் முடித்ததும் இயக்குநர் மரியாதைக்காக நிதானத்தின் பக்கம் திரும்பினார். அவர் முன்னால் தேநீர் ஆவி பறந்துகொண்டிருந்தது. அதைத் தொடாமலே சொன்னார்: “அணைச்சிடலாம்.”

தந்திக்குக் காது மடல் சுட்டது. கொஞ்சம் இடைவேளை வேண்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனாள். நடைபாதையில் தண்ணீர் வடிகட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். அவர் பின்னாலேயே வந்தார்.

“உங்களுக்கு அது மேல பாசம்னு நினைச்சேன்” என்றாள்.

“பாசம்தான்.” அவர் காகிதக் கோப்பையில் தண்ணீர் பிடித்தார். “ரெண்டு வருஷமா வீட்டுல தனியா உக்காந்திருக்கேன். நீ வேலையில ஆசையா இருக்கேன்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன். இன்னும் ரெண்டு வருஷம்னா என்னால ஆகாது.”

“நீங்க நிம்மதியா இருக்கீங்கன்னுதான் நான் ஷிஃப்டைக் கேட்டுக் கேட்டு வாங்கினேன்.”

மூன்று நாள் கழித்து வரப்போகும் புயலை இன்றைக்கே சொல்கிற இரண்டு பேர், அடுத்த தலையணையில் கிடக்கிற தலைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் இரண்டு வருடத்தை ஓட்டியிருக்கிறார்கள். இதற்குப் படிப்பு வேறு. தந்திக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. மனதில் கிடந்ததை ஒரேயடியாகக் கேட்டுவிட்டாள்.

“கால் மணி நேரத்துக்கு மேல நமக்குப் பேச என்ன இருக்கு? அன்னிக்குப் பார்த்தீங்கல்ல.”

அவர் தண்ணீரை மெதுவாகக் குடித்து முடித்தார். “உள்ள போய் உன் மனசுல இருக்கிறதைச் சொல்லு. எனக்காகச் சொல்லாத. கேமராவைப் பத்திச் சொல்லு.”

அது அவள் கேட்டதற்குப் பதில் இல்லை. ஆனாலும் உள்ளே போனாள். கேமராவைப் பற்றி நினைத்தாள். சமீபத்தில் வந்த ஒவ்வொரு வீச்சையும் புதியதுதான் முதலில் பிடித்தது, தெளிவாகவும் பிடித்தது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். எட்டுப் பக்கத்தில் ஒரு வரிகூடச் சூரியனுக்காக எழுதியதல்ல. வீட்டுக்குப் போகப் பயந்த ஒருத்தி எழுதியது. அது தெரிந்தபோது வலித்தது. வீட்டில் என்ன காத்திருக்கிறது என்று தெரியாமலே அவள் வாயைத் திறந்தாள்.

“புதுசே போதும். அணைச்சிடலாம்.”

அப்படியானால் இந்த எட்டுப் பக்கம் என்று இயக்குநர் இழுத்தார். “தப்பு” என்றாள் தந்தி.

எல்லோரும் மேசை இருந்த அறைக்கு வந்தார்கள். கட்டளை போனது. கடைசிப் படம் இறங்கியது. உப்புத் தூவிய வட்டம், அதன் மேற்கு ஓரத்தில் மெல்லிய வில் ஒன்று அப்போதுதான் எழும்பத் தொடங்கியிருந்தது. அது என்ன ஆகும் என்று அடுத்த படம் சொல்லும். அடுத்த படம்தான் இல்லை. எல்லோரும் கை தட்டலாமா கூடாதா என்று தெரியாமல் தட்டினார்கள். தந்தி மறைக்காமல் அழுதாள். அவளுடைய இளமை முழுக்க அந்த வட்டத்தைச் சுற்றித்தான் கழிந்திருந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, புதுக் கேமராவைப் பார்க்க மேசைக்கு வந்த பெண்ணிடம் நான்கு செய்தியையும் வரிசையாக ஒப்படைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.

அறைக்கு வெளியே நாலு படி இறங்கியதும் நிதானம் நின்றார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அங்கேயே படியில் உட்கார்ந்தார். அவளையும் உட்காரச் சொன்னார். யாராவது வருவார்கள் என்றாள். வரட்டும் என்றார்.

அறையின் கதவுக்கு அடியில் தடிமனான கேபிள்கள் ஓடுவதால் அது எந்தக் காலத்திலும் முழுசாக மூடியதில்லை. உள்ளே அந்தப் பெண் நாற்காலியை நகர்த்தும் சத்தம் இங்கே தெளிவாகக் கேட்டது.

“அப்பல்லாம் தினமும் ஷிஃப்டுக்கு அரை மணி நேரம் முன்னாடியே வந்து இங்க உக்காந்துக்குவேன். பஸ்ஸுல கூட்டம், சீக்கிரம் போகணும்னு பக்கத்து வீட்டு அக்காகிட்ட பொய் சொல்லிட்டு வருவேன்” என்றார்.

“எதுக்கு?”

“நீ ஸ்கிரீனோட பேசுவ.”

தந்திக்கு முகம் சிவந்தது. மனிதர்களிடம் எண்ணி எண்ணிப் பேசுகிறவள், தனியாக இருக்கும்போது சூரியனிடம் மடை திறந்த மாதிரி பேசுவாள். யாருக்கும் தெரியாது என்று இத்தனை காலம் நினைத்திருந்தாள்.

“கண்ணு, இன்னிக்கு மட்டும் சும்மா இரு, பாப்பாவுக்கு ஊசி போடணும்னு கெஞ்சுவ. வெடிச்சா வாய்க்கு வந்தபடி திட்டுவ. உங்க அப்பாவுக்கு உடம்பு முடியாதப்போ அதுகிட்டதான் அழுத. ஒரு நாள் என் குறட்டையைப் பத்திப் புகார் சொன்ன.”

“ஏன் சொல்லல இவ்வளவு நாளா?”

“சொன்னா நிறுத்திடுவ.” அவர் கைக்குட்டையை எடுத்து நீட்டினார். “உனக்குத்தான் கால் மணி நேரம். எனக்கு முக்கால் மணி நேரம். அதுல நீ பேசின எதுக்கும் நான் பதில் சொல்லல. எல்லாம் பாக்கி கிடக்கு.”

அவள் பையை ஓரமாக வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்ணையும் மூக்கையும் துடைத்துக்கொண்டு, சுவரில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

“சரி,” என்றாள், “குறட்டைக்குப் பதில் சொல்லுங்க.”