பார்ஸுக்கு ஒரு கணையம்

பூருல்சா கம்பளிக் கூடாரத்தின் சுவரைப் பார்த்தபடி ஒப்பாரியை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள். வாசலில் புதிதாக ஆட்கள் வந்துவிட்டார்கள். செத்தவரின் மகள் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து பாட வேண்டும். அடக்கத்துக்கு எடுக்கும்வரை எழுந்து வெளியே போகக் கூடாது. திரைக்குப் பின்னால் அப்பா சகினாலி கிடந்தார். வெளியே தம்பி எமில், மகன் செய்யும் முறைப்படி, கம்பை ஊன்றிக் குனிந்து உரக்க அழுதுகொண்டிருந்தான்.

வந்தவர்கள் அப்பாவைப் பற்றிப் பேசவில்லை.

"அந்த அல்சேஷனப் பாத்தியா? எலும்பும் தோலுமா நிக்குது. நாய்க்குச் சோறு போடாத மனுஷன்னு தெரியாமப் போச்சே."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் எல்லோரையும்விட அதிகம் தின்கிற ஜீவன் அது. குட்டியிலேயே அந்த நாய் பார்ஸுக்குக் கணையம் வளராமல் போய்விட்டது, தின்பது உடம்பில் ஒட்டாது என்று மாட்டு டாக்டர் சொல்லியிருந்தார். பச்சைக் கணையத்தைப் பொடியாக நறுக்கித் தீனியில் கலந்தால் பிழைக்கும். அப்பா அட்பாஷி டவுனுக்குப் போய்க் கறிக்கடைகளில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வருவார். அவர் நோயில் படுத்த பிறகு யாரும் போகவில்லை.

இப்போது கொல்லையில் இழவுச் சாப்பாட்டுக்கு மாடு அறுக்கிறார்கள். கூப்பிடு தூரத்தில் கணையம் இருக்கிறது, இவளால் எழ முடியவில்லை.

"அத்தை, கணையத்தக் கழிவுக் குழியில போட்டுடுவாங்க. எடுத்து வைக்கச் சொல்லுங்களேன்."

பக்கத்திலிருந்த குலூய்பா அத்தை எழுந்து போய் ஒரு கிண்ணத்தோடு திரும்பி வந்தாள்.

"இது மண்ணீரல் அத்தை!"

"எல்லாம் குடல் பக்கத்துல தொங்குறதுதானே? எங்கண்ணன் இங்க கிடக்கறாரு, உனக்கு நாய்க் கவலை. பாடுடி, ஆள் வந்தாச்சு."

"அருமை அப்பாவே, மலைபோல நின்னவரே..."

குரல் உடைந்தது. ஆத்திரமா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. அதே ராகத்தில் இழுத்தாள்:

"இரைப்பைக்குக் கீழிருக்கும் இளஞ்சிவப்புக் கணையத்தக்
குழியில போடாதீங்க, கூடப்பொறந்த எமிலு கேளு!
பட்டினி போட்டாருன்னு பழிசொல்லும் ஊராரே,
பச்சக் கணையந்தேடிப் பனியெல்லாம் அலஞ்சாரே!"

வெளியே அழுகைச் சத்தம் சட்டென்று நின்றது. யாரோ சிரிப்பை இருமலாக்கி விழுங்கினார்கள். அத்தை அவள் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

வந்தவர்கள் அழுது முடித்துச் சாப்பிடப் போனார்கள். அதன் பிறகு, அவள் முகத்துக்கு நேராக, கம்பளிக்கு அந்தப் பக்கமிருந்து எமிலின் குரல் கேட்டது.

"அக்கா, குழியில கைய விட்டு எடுத்துட்டேன். நீளமா, கொழகொழன்னு இருக்கு. இதானே?"

"அதான்."

"எவ்வளவு பொடியா நறுக்கணும்?"

"அப்பா நறுக்குற மாதிரி."

எமில் கத்தியைப் பலகையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"நான் பாத்ததில்லையேக்கா."

மாஸ்கோவுக்கு வேலைக்குப் போனவன் இழவுக்குத்தான் வந்திருக்கிறான்.

"பல்லு போனவங்களுக்குக் குடுக்கற மாதிரிடா," என்றாள்.

பலகையில் கத்தி விழத் தொடங்கியது. பழகாத கை, விட்டு விட்டு விழுந்தது. சங்கிலியை இழுத்துக்கொண்டு பார்ஸ் முனகியது. வாசலில் இன்னொரு வண்டி வந்து நின்றது.

"பாடுடி," என்றாள் அத்தை.

"கொஞ்சம் இருங்க அத்தை."

பூருல்சா கம்பளியில் காதை வைத்துக்கொண்டாள்.