தேர்தலில் நிற்காதவர் தோற்ற கதை

தேர்தலில் நிற்காத ஒரு மனிதரை நான் தோற்கடித்திருக்கிறேன். நாற்காலியை விட்டு எழவில்லை, வாயைத் திறக்கவில்லை. காலை ஏழுக்கு உட்கார்ந்தேன், சாயங்காலம் ஆறுக்கு வேலை முடிந்தது. இந்தியாவில் வேறு எவனும் செய்யாத காரியம்.

இதை நம்பாதவன் ராமன் ஒருவன்தான். ஆவடித் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருஷம் எனக்குப் பக்கத்து மெஷினில் நின்றவன்.

"நீ சொல்றதுல பாதியைத் தள்ளிட்டு, மீதியையும் நம்பக்கூடாது நைனா" என்பான்.

நடந்தது இதுதான். பருத்திப்பட்டுப் பக்கம் எங்கள் வார்டைக் கவுன்சிலர் தேர்தலில் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். ஐந்து வருஷமாக ஒரு காதுகுத்து விடாமல் போய் மொய் எழுதிய மனோகரன், சுயேச்சையாகத் தன் மனைவி சுரேகாவை நிறுத்தினார். போஸ்டரில் அவர் முகம் தண்ணீர் லாரி அளவுக்கு இருந்தது. கீழே ஓர் ஓரத்தில் தபால்தலை அளவுக்கு சுரேகா. அவளுடைய பூட்டுச் சின்னத்தைப் பார்க்கப் பூதக்கண்ணாடி வேண்டும்.

"என் மூஞ்சியைப் பார்த்துப் போடுங்க. மனோகரன், மறந்துடாதீங்க" என்று தெருத்தெருவாகக் கும்பிட்டார். சுரேகாவோ வீட்டில், தேர்தல் வேலை செய்யும் பையன்களுக்குப் பிரியாணி கிண்டிக்கொண்டிருந்தாள்.

எதிர்த்து நின்றவள் தாட்சாயிணி. துணிக்கடையில் பில் போடுகிறவள். அவள் தெருவில் ஒவ்வொரு மழைக்கும் சாக்கடை வீட்டுக்குள் வரும். பதினோரு மனு கொடுத்துப் பார்த்தாள். கடையில் மூன்று வாரம் லீவு கேட்டாள். தரவில்லை. வேலையை விட்டுவிட்டாள்.

"தோத்தா கடையில திரும்பச் சேர்த்துக்க மாட்டாங்கண்ணே" என்றாள் என்னிடம். "வீட்லயும் அப்பவே சொன்னேனேன்னு ஆரம்பிப்பாங்க. என் சார்பா பூத் ஏஜென்ட்டா உக்காருறீங்களா? உள்ளே ஓட்டைப் பத்தி யார்கிட்டயும் பேசக் கூடாதாம்."

என் மனைவி சரசா இதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பு நசரத்பேட்டை வரைக்கும் கேட்டிருக்கும்.

"இவரா? பதினோரு மணி நேரம் பேசாமயா? வேற ஆளைப் பாரும்மா."

அந்த ரோஷத்தில்தான் போய் உட்கார்ந்தேன்.

எட்டு மணி வரை ஒன்றுமில்லை. பிறகு ஒரு பெரியவர் அட்டை மறைப்புக்குப் பின்னால் நின்று, "சார், இதுல மனோகரன் பேரு இல்லியே" என்றார். தேர்தல் அதிகாரி நிமிரவே இல்லை. "இருக்கிற பேர்ல ஒண்ணைப் பார்த்து அமுக்குங்க." பெரியவர் கொஞ்ச நேரம் தேடினார். அமுக்கினார். போய்விட்டார்.

அடுத்து ஓர் அம்மாள்: "எங்க மனோகரன் அண்ணாத்தே இன்னா ஆனாரு?"

இப்படியே வந்துகொண்டிருந்தார்கள். இரண்டாயிரம் பேர் இருக்கும். சுரேகாவின் ஏஜென்ட் எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். 'பூட்டு' என்று ஒரு வார்த்தை சொன்னால் அவனை வெளியே அனுப்பிவிடுவார்கள். அவன் விட்ட வியர்வையில் பருத்திப்பட்டு ஏரி ஓர் அங்குலம் ஏறியது.

சேதி கேட்டு மனோகரன் ஓடி வந்தார். வாசலில் போலீஸ்காரர் நிறுத்தினார்.

"யாரு நீங்க?"

"வேட்பாளர்."

"பேரு?"

"மனோகரன்."

போலீஸ்காரர் தன் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "இது லேடீஸ் வார்டு சார். தள்ளி நில்லுங்க."

மதியம் சுரேகா வந்தாள், புடவையில் மசாலா வாசத்தோடு. வேட்பாளர் என்று வாசலில் யாருக்கும் தெரியவில்லை, வரிசையில்தான் நின்றாள். மெஷின் முன்னால் நெடுநேரம் நின்றாள். தன் பேரை அச்சில் அவ்வளவு பெரிதாக அன்றைக்குத்தான் பார்த்தாள் போலிருக்கிறது. வெளியே போகும்போது என் பக்கம் திரும்பி, "தாட்சாயிணி வீடு வீடா ஏறி இறங்குனா இல்ல?" என்றாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

எண்ணிக்கை அன்று தாட்சாயிணி பதினான்கு ஓட்டில் ஜெயித்தாள். சான்றிதழை வாங்கிக்கொண்டு நேராகத் தன் தெருச் சாக்கடையைப் பார்க்கப் போனாள்.

டீக்கடையில் ராமனிடம் இதையெல்லாம் சொன்னேன். வழக்கம்போல உதட்டைப் பிதுக்கினான்.

"ரெண்டாயிரம் பேராம். அந்த ரூம்ல மொத்த ஓட்டே எழுநூறுதான்யா கீது."

"சரி, இருநூறு."

"ஒருத்தன்கூட அப்படித் தேடியிருக்க மாட்டான். யாரு நிக்கிறாங்கன்னு தெரியாமயா ஓட்டுப் போட வருவான்?"

"நீ யாருக்குப் போட்ட?" என்று சும்மா கேட்டேன். அவனுக்குப் பக்கத்து அறை பூத்.

ராமன் கிளாஸில் டீ தீர்ந்து வெகு நேரமாயிருந்தது. ஆனாலும் வாயில் வைத்து உறிஞ்சினான்.

"மனோகரன் என் பேத்தி காதுகுத்துக்கு வந்தவரு" என்றான் கடைசியில். "அவருக்குத்தான் போடணும்னு போனேன். மேலருந்து கீழ வரைக்கும் மூணு தடவை பார்த்தேன் நைனா, அந்தப் பேரே இல்ல. பின்னாடி இருந்தவன் சீக்கிரம்னான். தாட்சாயிணிதான் ரெண்டு தடவை எங்க ஊட்டுக்கு வந்துச்சு, அந்தப் பேரு தெரிஞ்சுது, அமுக்கிட்டு வந்துட்டேன்."

கிளாஸைக் கீழே வைத்தான்.

"நீ சொன்னது நடந்ததுதான்யா."