வடிவம்மா வாசித்த அட்டை

வடிவம்மா டீச்சருக்கு எதையும் மனத்தில் பதித்துக்கொள்ளும் பழக்கம் இருந்தது. பசறைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டப் பாடசாலையில் இருபத்தேழு ஆண்டுகள் கற்பித்த அவர், வகுப்பு இடாப்பைத் திறந்துவைத்து, அதைப் பாராமலே முப்பத்தொரு பெயர்களையும் ஒழுங்காக அழைப்பார். பாடநூலையும் உரிய இடத்தில் புரட்டுவார். வெளியிடங்களில் கணவர் கைபிடிக்க இடங்கொடார். நீரிழிவு அவருடைய கண்களைத் தின்று மூன்று ஆண்டுகளாகின்றன என்பதைப் பாடசாலை அதிபர் அறியார். கணவர் வீரய்யாவும், வீட்டில் விடைத்தாள்களை வாசித்துக்காட்டிய மகள் துவாரகாவும் மட்டுமே அறிவர்.

சென்ற மாதம் பாடசாலைப் படிக்கட்டில் உருண்டு இடது மணிக்கட்டு முறிந்த பின்னரே, அவர் இயலாமை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்தார். பதுளைக்கு வருமாறு மருத்துவச் சபை அழைத்திருந்தது.

காத்திருப்போர் அமரும் வாங்கில் அவருக்கு முன்னே ஐவர் இருந்தனர். சபையின் முன் போகுமுன், ஒவ்வொருவரும் அடுத்த அறையில், சுவரில் தொங்கிய அட்டையின் எண்களைத் தாதிக்கு உரக்க வாசிக்க வேண்டியிருந்தது. கதவு திறந்தே கிடந்தது.

வடிவம்மாவின் முறை வந்தது.

"மேல இருந்து சொல்லுங்க, டீச்சர்."

அவருக்குத் தெரிந்தது வெண்மையான ஒரு மங்கல் மட்டுமே. ஆயினும் 'டீச்சர்' என்ற சொல்லைக் கேட்டதும் வாய் தானாகத் திறந்துகொண்டது. கடைசி வரிவரை ஓர் எண்ணும் பிசகவில்லை.

"ரெண்டு கண்ணும் சரின்னு எழுதுறேன். வெளிய இருங்க, சபையில கூப்பிடுவாங்க."

வாசலில் நின்ற வீரய்யா திகைத்துப்போனார்.

"என்னா டீச்சரம்மா, எப்பிடி வாசிச்சீங்க?"

"முன்னுக்குப் போனவங்க சொன்னது காதுல விழுந்துச்சு. என்னயறியாம சொல்லிட்டேங்க."

"அடக் கடவுளே! பெயிலாகத்தானே விடிய பஸ் ஏறி வந்தோம். இங்க வந்தா பாஸாகுறது?"

வடிவம்மா வாங்கில் அமர்ந்தார். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"இப்பத் தெரியலைன்னு சொன்னா, எப்ப இருந்துன்னு கேப்பாங்க. துவாரகா வாசிச்ச பேப்பரெல்லாம் வெளிய வரும்."

"சொல்லாட்டி?"

"திங்கக்கிழமை அந்தப் படியில ஏறணும். இந்தத் தடவ கையோட போச்சு. நான் பாக்காம புள்ளைங்க எதுவும் விழுந்தா?"

உள்ளிருந்து அவருடைய பெயரை அழைத்தனர். வீரய்யா வழக்கம்போல் ஓரடி விலகி நின்றார். வடிவம்மா எழுந்து, நல்ல கையை அவர் பக்கம் நீட்டினார்.

"புடிச்சுக் கூட்டிட்டுப் போங்க. எனக்குக் கண்ணு தெரியலைன்னு சொல்லப்போறேன். மூணு வருசம்னும் சொல்லுவேன்."