அடுப்படிக்குப் போன ஓம்வதி

துப்பட்டாவை மூக்கோடு சேர்த்துத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு ஓம்வதி ஆசிட் பாட்டிலைச் சாய்த்தாள். பீங்கானில் விழுந்ததும் சுர்ரென்று புகைந்தது. பிரஷ்ஷால் நாலு இழுப்பு இழுப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. லேசில் நிற்கிற இருமல் இல்லை அது. இரண்டு கையாலும் விலாவைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் குந்திவிட்டாள். பக்கத்துக் கழிப்பறையைத் தேய்த்துக்கொண்டிருந்த பூனம் எட்டிப் பார்த்தாள்.

"நீ வெளிய போய் நில்லுக்கா. இதையும் நானே முடிச்சிடறேன். இந்த இருமலோட அந்தப் புகைய வேற குடிக்கணுமா?"

"நீ குடிச்சா மட்டும் அது அமிர்தமா ஆயிடுமா?"

"எனக்கு இன்னும் நெஞ்சு கெட்டுப் போகல. கெட்டதும் சொல்றேன், அப்ப நீ வந்து தேய்."

ஓம்வதிக்குச் சிரிப்பும் இருமலும் சேர்ந்து வந்தன. போன மாதம் ரிஷிகேஷ் ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளுடைய நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுப் பட்டென்று சொல்லிவிட்டார். ஆசிட் வேலையை விட்டால் பிழைப்பாய், விடாவிட்டால் என்னிடம் வந்து பிரயோசனம் இல்லை என்று. விட்டுவிட்டு எங்கே போவது? கழிப்பறை கழுவுகிற சாதிக்காரர்கள் குடியிருக்கும் வால்மீகி பஸ்தியிலிருந்து வருகிறவளுக்கு அடுத்த ஆசிரமத்திலும் அதே பிரஷ், அதே பாட்டில்தான்.

அந்தச் சமயம் பார்த்து ஆசிரமச் சமையலறையில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தவன் டேராடூன் ஓட்டலுக்குப் போய்விட்டான். பஸ்தியில் எந்தக் கல்யாணமானாலும் மாவு பிசைவது ஓம்வதிதான். அவள் கல்லில் போட்ட ரொட்டி பூரி மாதிரி உப்பும். அந்த வேலையைத் தரச் சொல்லி மானேஜர் சக்சேனாவிடம் கேட்டுப் பார்த்தாள். "பாக்கலாம், பாக்கலாம்" என்றார். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா?

ஆசிரமத்தில் அப்போது 'உன் தர்மத்தைக் கண்டுபிடி' முகாம் நடந்துகொண்டிருந்தது. பம்பாய், புனே, ஜெர்மனி என்று எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். தாங்கள் எதற்காகப் பிறந்தோம் என்று தெரியாமல் தவிக்கிறவர்கள். குருஜி தினமும் கங்கையைப் பார்த்த மண்டபத்தில் அவர்களை உட்காரவைத்துப் பேசுவார். நல்ல குரல் அவருக்கு. அன்றைக்கு ஆசிரம வேலைக்காரர்களும் வந்து உட்கார வேண்டும் என்று புதிதாக உத்தரவு போட்டிருந்தார். ஓம்வதியும் பூனமும் கை கால் கழுவிக்கொண்டு போய்ச் செருப்பு விடுகிற வாசலோரம் உட்கார்ந்தார்கள். சமையல்காரப் பண்டிதர் நௌட்டியால் மட்டும் அடுப்பை விட்டு வர முடியாது என்று சொல்லிவிட்டார்.

"எந்த வேலையைச் செய்யும்போது நீ உன்னையே மறக்கிறயோ, அதுதான் உன் தர்மம்" என்றார் குருஜி. "அதுக்காகத்தான் பகவான் உன்னை அனுப்பியிருக்கான்."

மிருணால் என்ற பம்பாய்க்காரம்மாள் எழுந்தாள். வங்கியில் பெரிய அதிகாரி. சின்ன வயதில் படம் வரைந்ததாகவும், வரையும்போது சாப்பாடுகூட நினைவுக்கு வராது என்றும் சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

"வேலையை விட்டுடு. ஊருக்குப் போன உடனே விட்டுடு" என்றார் குருஜி. "பிறந்தது எதுக்குன்னு தெரிஞ்ச பிறகும் வேற வேலை செய்யறது பாவம்."

எல்லோரும் கை தட்டினார்கள். குருஜியின் பார்வை வாசல் பக்கம் வந்தது.

"நீ சொல்லும்மா. வெக்கப்படாதே. எதைச் செஞ்சா உன் மனசு நிறையுது?"

ஓம்வதி எழுந்து நின்றாள். "ரொட்டிங்க குருஜி. நாலு பேருக்கு ரொட்டி சுட்டுப் போட்டா எனக்குப் பசியே தெரியாது."

மிருணால் அதை இங்கிலீஷில் சொன்னதும் வெள்ளைக்காரர்கள் நெஞ்சில் கைவைத்தார்கள். குருஜி தன் முன்னால் இருந்த தட்டிலிருந்து ஒரு சாமந்திப்பூவை எடுத்து அவள் பக்கம் வீசினார். "கண்டுபிடிச்சுட்டாள்! பத்து நாளா நீங்க தேடறதை இவள் ஒரு வார்த்தையில கண்டுபிடிச்சுட்டாள். போம்மா. போய் அதைச் செய்."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஓம்வதி தரையில் கால் பாவாமல் நடந்தாள். "கேட்டியாடி? பாவமாம். வேற வேலை செஞ்சா பாவமாம்."

"அக்கா, அது மண்டபத்துக்குள்ள பேசற பேச்சு. காசு கட்டி வந்தவங்களுக்குச் சொன்னது. ஊருக்குத்தாண்டி உபதேசம்."

"என்னைப் பார்த்துத்தானே சொன்னாரு? பூவை எங்கிட்டதானே போட்டாரு?"

எப்படியாவது இவள் ஆசிடை விட்டால் சரி என்று பூனத்துக்கும் இருந்தது.

மறுநாள் பொழுது விடியும்போதே ஓம்வதி தலைக்குக் குளித்து, கல்யாணத்துக்கு வைத்திருந்த சல்வாரைப் போட்டுக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். பண்டிதர் கங்கைக்குக் குளிக்கப் போயிருந்தார். கதவு சாத்தித்தான் இருந்தது, பூட்டவில்லை. நகத்தை இன்னொரு தடவை தேய்த்துக் கழுவினாள். மாவைக் கொட்டி, உப்புப் போட்டு, தண்ணீர் விட்டுப் பிசைந்தாள். அடுப்பு பற்றியதும் அந்த இடமே இதமாகிவிட்டது. அவள் நினைத்ததுபோலவே முதல் ரொட்டி உப்பிக்கொண்டு நின்றது. இரண்டாவதும் உப்பியது. அவ்வளவு நேரமும் அவளுக்கு ஒரு இருமல்கூட வரவில்லை.

பண்டிதர் ஈர வேட்டியோடு வாசற்படியில் வந்து நின்றபோது கூடையில் பாதிக்கு மேல் ரொட்டி அடுக்கியிருந்தது.

"குருஜி அனுப்பிச்சாரு பண்டிட்ஜி" என்று ஓம்வதி எழுந்து கும்பிட்டாள். "இனிமே ரொட்டி நான்தான்."

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. அப்படியே படியில் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டார். கட்வால் மலை ஊர்களில் அவர் வகையறாப் பிராமணர்கள் சமைத்தால்தான் எல்லாச் சாதிக்காரனும் கல்யாணத்தில் கை நனைப்பான். முகாம் இல்லாத மாதங்களில் அவர் குடும்பம் அதில்தான் சாப்பிடுகிறது.

"நீ கெட்டவ இல்லை, தெரியும்" என்றார். "ஆனா என் வயித்துல அடிச்சுட்டியே. நீ தொட்ட அடுப்புல நான் சமைச்சேன்னு மேல ஊருக்குத் தெரிஞ்சா எந்தக் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடுவான்? எழுந்து வெளிய வா. இந்தப் பாத்திரம் அத்தனையும் மாத்தாம நான் உள்ள காலெடுத்து வைக்க மாட்டேன்."

சக்சேனா ஓடி வந்தார். முகாம்காரர்களுக்குக் காலை ஆகாரம் ஆக வேண்டுமே! ஆள் விட்டுப் புதுப் பாத்திரம் வாங்கிவரச் சொன்னார். கங்கைத் தண்ணீர் கொண்டுவந்து தரையெல்லாம் ஊற்றினார்கள். கூடை ரொட்டி அப்படியே கொட்டிலுக்குப் போயிற்று. மாடுகள் ஒன்றுவிடாமல் தின்றன.

"பசு மட்டும் கை நனைக்கலாம் போல" என்றாள் பூனம்.

குருஜி ஓம்வதியைத் தன் அறை வாசலுக்குக் கூப்பிட்டனுப்பினார். கோபமே இல்லை அவர் முகத்தில்.

"ரொட்டின்னா நிஜ ரொட்டின்னா நினைச்சுட்டே? பைத்தியக்காரி. ரொட்டி சுடற மாதிரி அன்போட உன் வேலையைச் செய்யின்னு சொன்னேன். நீ ஒரு கழிப்பறையைக் கழுவினா, அதுவும் நாலு பேருக்குச் சோறு போட்ட மாதிரிதான். அவரவர் வேலையிலதான் அவரவர் தர்மம் இருக்கு."

ஓம்வதி கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள். கேட்கக் கூடாதுதான்.

"அப்ப வங்கி வேலையை விடச் சொன்னீங்களே, அந்தம்மாவும் மனசுக்குள்ளதான் விடணுமா குருஜி?"

குருஜி கண்ணை மூடிக்கொண்டார். சக்சேனா அவள்மேல் கை படாமல் ஒதுக்கிக் கீழே கூட்டிவந்தார்.

"உனக்கு வேலை வேணுமா வேண்டாமா? நாக்கு நீளுது."

"டாக்டர் ஆசிட் கூடாதுன்னுட்டாரு மானேஜர்ஜி. செத்துப் போயிடுவேன்."

"யாருதான் சாகல? இன்னிக்கு முகாம் முடியுது. சாயங்காலம் அவங்க சேவை செய்யப் போறாங்க. அகங்காரம் போகணும்னு கழிப்பறையைக் கழுவுவாங்க. அதுக்கு முன்னால நீ போய் எல்லாத்தையும் சுத்தமாத் தேய்ச்சு வெச்சிடு. அவங்க கண்ணுல அசிங்கம் ஒண்ணும் படக் கூடாது. நல்லா ஆசிட் போடு."

அவள் திரும்பிப் பார்த்தாள். வெளியே போகிற கேட் திறந்துதான் இருந்தது. பூனம் இரண்டு பாட்டிலையும் தானே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். ஓம்வதி கல்யாணச் சல்வாரின் கால்களை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு பின்னால் போனாள். பன்னிரண்டு கழிப்பறை. பூனம் ஒன்பதைத் தேய்த்தாள். மீதி மூன்றை முடித்துவிட்டு ஓம்வதி வெளியே வந்தபோது துப்பட்டாவில் சிவப்பாக ஒரு கறை. அதை மடித்து உள்பக்கமாகத் தள்ளிவிட்டாள்.

சாயங்காலம் அவர்கள் வந்தார்கள். எல்லோர் கையிலும் புது ரப்பர் உறை, மூக்கில் கெட்டியான முகமூடி. பளபளவென்றிருந்த பீங்கானில் தண்ணீரை ஊற்றி மெதுவாகத் தேய்த்தார்கள். யாரோ பஜனை பாடினார்கள். மிருணால் மண்டிபோட்டு உட்கார்ந்து தேய்த்தாள். முகமூடிக்கு மேலே கண் கலங்கியிருந்தது. எழுந்து வந்து ஓம்வதியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ எவ்வளவு குடுத்து வெச்சவ தெரியுமா? இந்த நிம்மதி எனக்கு அரைமணி நேரம்தான். உனக்கு தினமும்."

ஓம்வதி வாயைத் திறந்தாள். இருமல்தான் வந்தது.

மிருணால் போனை அவளிடம் நீட்டினாள். எல்லோரும் முகமூடியை இறக்கிவிட்டுக்கொண்டு, பிரஷ்ஷைத் தூக்கிப் பிடித்து, கழிப்பறை வாசலில் நெருக்கி நின்றார்கள். ஓம்வதி போனை உயர்த்தினாள். விலா இழுத்தது. அழுத்தும்போதே இருமிவிட்டாள். படம் கலங்கிப்போயிற்று. மிருணால் வந்து பார்த்துவிட்டுத் திரும்பப் போய் நின்றுகொண்டாள்.

"இன்னொண்ணு எடும்மா" என்றாள் சிரித்தபடி. "இந்தத் தடவை இருமாம எடு."

ஓம்வதி வாயை இறுக மூடிக்கொண்டு, அழுத்தினாள்.