ஒரு மைக்குக்கான பெட்டி

அறுவை சிகிச்சைக்குப் பதினெட்டு நாள் இருந்தபோது, மருத்துவமனையின் பேச்சுப் பயிற்சியாளர் ஒரு தாளில் மூன்று வரி எழுதிக் கொடுத்தார். நல்ல மைக். ஆடியோ இன்டர்ஃபேஸ். சத்தமில்லாத அறை. முதல் வரியும் கடைசி வரியும், மனைவியோடு வந்திருந்த லிஃப்ட் மெக்கானிக்குக்குப் புரிந்தன. நடு வரி புரியவில்லை. இருபத்திரண்டு வருடமாக ஒயரோடும் ரிலேயோடும் மல்லுக்கட்டுகிறவர், மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு "அது என்னங்க?" என்று கேட்பதற்குக் கூச்சப்பட்டார். தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மனைவியின் குரல்வளையில் ஒரு கட்டி. எடுத்தே ஆக வேண்டும். உயிருக்குப் பயமில்லை, ஆனால் குரல் எப்படி இருக்கும் என்று உத்தரவாதம் தர முடியாது, வெறும் காற்றாகக்கூட வரலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால்தான் பயிற்சியாளர் இந்த வழியைச் சொன்னார். இப்போதே அவள் குரலில் முந்நூறு வாக்கியம் பதிந்து அனுப்பினால், அதை வைத்துக் கம்ப்யூட்டர் ஒரு குரலைச் செய்து தரும். பிறகு அவள் போனில் எதைத் தட்டினாலும் அந்தக் குரல் பேசும். போனிலேயே பதிந்துவிடக் கூடாதா என்று அவள் கேட்டாள். பதியலாம், ஆனால் அறையின் இரைச்சலும் எதிரொலியும் கூடவே வரும், எவ்வளவு சுத்தமாகக் கொடுக்கிறீர்களோ அவ்வளவுக்கு உங்களை மாதிரியே இருக்கும் என்றார் பயிற்சியாளர்.

உங்களை மாதிரியே. அந்த வார்த்தை மெக்கானிக்கின் மனதில் முள்ளாகத் தைத்துக்கொண்டது.

அவள் ஒரு டாக்ஸி கம்பெனியில் பதினொரு வருடமாகப் போன் எடுக்கிறவள். டிரைவர்களில் பாதிப் பேர் அவள் முகத்தைப் பார்த்ததே இல்லை. ஒற்றைவழித் தெருவுக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டு விழிக்கிறவனை அதட்டாமல், கெஞ்சாமல், இரண்டே வாக்கியத்தில் வெளியே கொண்டுவந்துவிடுவாள். அந்தக் குரலைப் பதிய எப்படிப்பட்ட பெட்டி வேண்டும்?

மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஒரு அலுவலகக் கட்டடத்தின் மொட்டைமாடி மெஷின் அறையில் உட்கார்ந்துகொண்டு, போனில் தேடிப் பார்த்தார். இன்டர்ஃபேஸ் என்றால் மைக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் இருக்கும் பெட்டி. குரலைக் கம்ப்யூட்டருக்குப் புரிகிற கணக்காக மாற்றித் தருவது. இதுவரை சரி. அதற்கு மேல் போனதுதான் தப்பாகிவிட்டது. ஒரு மைக் குத்துகிற பெட்டி, இரண்டு குத்துகிற பெட்டி, நாலு, எட்டு. இருபத்துநாலு பிட், முப்பத்திரண்டு பிட். தாடிக்காரர் ஒருவர் சிவப்புப் பெட்டியைக் கையில் ஏந்தி, இதைவிட்டால் வேறில்லை என்றார். அடுத்த வீடியோவில் தாடியில்லாத ஒருவர் அதே பெட்டியை மேசையில் போட்டு, இதை மட்டும் வாங்கித் தொலைக்காதீர்கள் என்றார். இருவரும் நல்லவர்களாகத்தான் தெரிந்தார்கள்.

லிஃப்ட் பரிசோதனைப் படிவம் ஒன்றின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு எழுத ஆரம்பித்தார். திங்கள்கிழமை கறுப்புப் பெட்டி. செவ்வாய்க்கிழமை அதில் சன்னமாக ஒரு இரைச்சல் வருகிறது என்று யாரோ எழுதியிருந்ததைப் படித்து, சாம்பல் நிறப் பெட்டி. புதன்கிழமை, சாம்பல் பெட்டி தன் கம்ப்யூட்டரோடு ஒத்துப்போகுமா என்ற சந்தேகம். வியாழக்கிழமை தலை கிறுகிறுத்தது.

மச்சினனைக் கூப்பிட்டார். மனைவியின் தம்பி, கல்யாண மேடைகளில் கீபோர்டு வாசிக்கிறவன். இதெல்லாம் அவனுக்குத் தண்ணி பட்ட பாடு என்று நினைத்தார். அவன் முக்கால் மணி நேரம் பேசினான். லேட்டன்சி என்றான், ப்ரீஆம்ப் என்றான், நாளைப்பின்னே தேவைப்படும், இரண்டு மைக் குத்துகிறதாகவே வாங்குங்கள் என்றான். மைக்குக்கு மின்சாரம் கொடுக்கிற நாற்பத்தெட்டு வோல்ட் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்கச் சொன்னான். மெக்கானிக் நிமிர்ந்து உட்கார்ந்தார். நாற்பத்தெட்டு வோல்ட் உடம்பில் பட்டால் எப்படி விறுவிறுக்கும் என்று ஈரக்கையோடு கன்ட்ரோல் போர்டைத் தொட்ட அனுபவத்தில் அவருக்குத் தெரியும். அதை எதற்கு அவள் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும்? கேட்டால் சிரிப்பான் என்று கேட்கவில்லை. படிவத்தில் நாற்பத்தெட்டு என்று எழுதி, சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் கேள்விக்குறி வைத்தார்.

இப்படியே எட்டு நாள் ஓடிவிட்டது. காலையில் தெளிவாக இருக்கும் அவள் குரல், சாயங்காலமானால் கரகரத்து அடங்கிவிடும். கம்பெனியில் அவளுக்குப் பாதி நாள் வேலைதான் கொடுத்திருந்தார்கள். ஒன்பதாம் நாள் காலையில் அவர் டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு படிவத்தைப் பார்த்தபடி இருந்தபோது, அவள் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க பெட்டி எடுக்கறதுக்குள்ள என் தொண்டை கடையைக் கட்டிடும் போலிருக்கு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் கடைசி வார்த்தை நடுவில் உடைந்தது. இருமிச் சரிசெய்துகொண்டு மறுபடி சொன்னாள். மறுபடியும் அதே இடத்தில் உடைந்தது. காலையில் உடைவது அதுதான் முதல் தடவை. இருவரும் அதைக் கவனித்தார்கள்.

அன்று மதியமே, கிரீஸ் பட்ட யூனிஃபார்மோடு, இசைக்கருவி விற்கும் கடைக்குப் போனார். கவுன்டரில் இருந்த பெண் என்ன வேண்டும் என்று கேட்டாள். படிவத்தை எடுத்து மேசையில் விரித்தார். கட்டங்கள், அடித்தல்கள், அம்புக்குறிகள். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முன்பக்கத்தில் ஆறாவது மாடிக் கதவு சரியாக மூடவில்லை என்று எழுதியிருந்ததையும் படித்தாள்.

"சார், ஒரே நேரத்துல எத்தனை பேர் பாடுவீங்க?"

"பாட்டு இல்லம்மா. பேச்சுதான். ஒரே ஆள்."

"அப்ப ஒரு மைக் போதும். இவ்ளோ ஏன் குழப்பிக்கறீங்க?"

எதையாவது சொல்ல வேண்டுமே என்று ஆரம்பித்தவர், மனைவிக்கு ஆபரேஷன் என்றார், பத்தே நாள்தான் இருக்கிறது என்றார், தப்பான பெட்டியை எடுத்துவிட்டால் திரும்பப் பதிய முடியாது என்றார். வெளி ஆள் ஒருவரிடம் அவர் இதைச் சொல்வது அதுதான் முதல் தடவை. சொல்லி முடித்ததும், மேசைமேல் இருந்த கிட்டார் தந்திப் பொட்டலங்களை ஒழுங்காக அடுக்க ஆரம்பித்தார்.

அந்தப் பெண் அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்து, கையடக்கமான ஒரு பெட்டியை எடுத்து வைத்தாள். ஒரே ஒரு மைக் குத்தலாம். சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரே ஒரு திருகு. ஒரு ஹெட்போன் துளை. வட்டம் போட்ட நாற்பத்தெட்டை அவர் விரலால் காட்டியபோது, அவள் சிரிக்கவில்லை. அந்த மின்சாரம் மைக்கோடு நின்றுவிடும், பேசுகிறவருக்கு வராது என்றாள். நல்லதிலேயே நல்லது எது என்று அவர் விடாமல் கேட்டார்.

"இந்த விலையில எல்லாம் ஒண்ணுதான் சார். நாளைக்குக் காலைல பதிவு பண்ண ஆரம்பிக்கறீங்க பாருங்க, அதுதான் நல்ல பெட்டி."

இருந்தாலும் வீடு போய்ச் சேரும்வரை சாம்பல் பெட்டியையே எடுத்திருக்கலாமோ என்று தோன்றிக்கொண்டேதான் இருந்தது.

மறுநாள் காலை படுக்கையறையில் போர்வைகளைத் தொங்கவிட்டார். மின்விசிறியை நிறுத்தினார், குளிர்சாதனப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். மைக்கைக் குத்தி, மனைவியைப் பேசச் சொன்னார். திரையில் கோடு அசையவே இல்லை. ஒயரை மாற்றினார், கம்ப்யூட்டரை நிறுத்தித் தொடங்கினார். ஒரு மணி நேரம் கழித்து மச்சினனைக் கூப்பிட்டபோது அவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்: "மாமா, அந்த நாப்பத்தெட்டு பட்டனை அமுக்கினீங்களா?" அமுக்கவில்லை. கடைக்காரப் பெண் அவ்வளவு சொல்லியும் கை வரவில்லை. மனைவிதான் எட்டி அமுக்கினாள். கோடு துள்ளியது.

கேட்டுப் பார்த்தபோது, குரலுக்குப் பின்னால் அடிக்கடி ஒரு முனகல் வந்தது. வேறு யாருக்கும் அது என்னவென்று தெரிந்திருக்காது. அவருக்குத் தெரிந்தது: சுவருக்கு அந்தப் பக்கம் ஓடும், அவர்கள் குடியிருக்கும் கட்டடத்தின் லிஃப்ட். அதைப் பராமரிப்பதும் அவர்தான். கீழே இறங்கிப்போய் "பராமரிப்பு வேலை நடக்கிறது" என்ற பலகையை மாட்டிவிட்டு வந்தார். அந்த வாரம் முழுக்க, காலை ஆறிலிருந்து எட்டுவரை, ஐந்து மாடிக்காரர்களும் படியில் மூச்சு வாங்கினார்கள். எதிர் வீட்டுக்காரர் என்ன கோளாறு என்று விசாரித்தபோது, பழைய மோட்டார், பொறுமையாகத்தான் பார்க்க வேண்டும் என்று முகத்தை மாற்றாமல் சொன்னார்.

முதல் நாற்பது வாக்கியங்களைக் கேட்டுவிட்டுப் பயிற்சியாளர் தகவல் அனுப்பினார். ஒலி மிகச் சுத்தம். ஆனால் வாய்ப்பாடு ஒப்பிப்பது போல் இருக்கிறது, இயல்பாகப் பேசச் சொல்லுங்கள். மெக்கானிக் நிலைகுலைந்துபோனார். பெட்டிதான் தப்போ என்று மறுபடியும் படிவத்தைத் தேடி எடுத்தார். அவள் அதை வாங்கிக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டாள்.

"பெட்டியில ஒண்ணும் இல்ல. எனக்குச் செவுத்தைப் பாத்துப் பேசத் தெரியாது. போன்னா அந்தப் பக்கம் யாராவது இருப்பாங்க. நீங்க முன்னாடி வந்து உக்காருங்க."

உட்கார்ந்தார். அவர் குரல் கலந்தால் பதிவு கெட்டுவிடும். ஒரே மைக், ஒரே பெட்டி. ஆகவே அவர் வாயைத் திறக்கக் கூடாது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். அவள் தாளில் இருந்த வாக்கியங்களை அவரிடம் சொன்னாள். "மழை வரும் போலிருக்கிறது, குடையை எடுத்துக்கொள்ளுங்கள்" என்பதை, குடையை மறந்தே பழகிய ஆளிடம் சொல்வது போலவே சொன்னாள். தாள் முடிந்த பிறகும் நிறுத்தவில்லை. பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவர் வார்த்தையே பேசாமல் சீலிங் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தது, முதல் வாடகை வீட்டில் குழாய் வெடித்தது, அவருடைய அக்காவிடம் தான் ஒருமுறை கடுமையாகப் பேசிவிட்டது எல்லாம் சொன்னாள். அதில் பாதிக்கு அவரிடம் பதில் இருந்தது. சிலவற்றுக்கு எதிர்வாதமே இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இத்தனை வருடத்தில் குறுக்கே பேசாமல் அவள் சொல்வதை ஒரு மணி நேரம் கேட்டதில்லை என்று அப்போதுதான் தோன்றியது. குறுக்கே பேசாததால் அவள் நன்றாகப் பேசுகிறாளா, இல்லை பேச எவ்வளவோ பாக்கி இருந்ததா என்று அவருக்கு விளங்கவில்லை.

ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்பு முந்நூற்றுப் பன்னிரண்டு வாக்கியங்களை அனுப்பினார்கள். மறுபடி காலையிலும் லிஃப்ட் ஓடியது.

ஆபரேஷனில் கட்டி முழுதாக வந்துவிட்டது. மூன்று வாரம் வாயைத் திறக்கக் கூடாது என்றார்கள். அதன்பின் வந்தது, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும் ஒரு முணுமுணுப்பு. இன்னும் கொஞ்சம் தேறலாம், அவ்வளவுதான் என்றார் டாக்டர். கம்பெனியில் அவளுக்குத் திரையைப் பார்த்து வழி தட்டி அனுப்புகிற இருக்கையைக் கொடுத்தார்கள்.

கம்ப்யூட்டர் செய்த குரல் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனுக்கு வந்து சேர்ந்தது. மெக்கானிக் கூடத்தில் ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தார். சமையலறையில் இருந்து, "பால் தீந்துடுச்சு, வாங்கிட்டு வரீங்களா?" என்று அவள் கேட்டாள். "இதோ போறேன்" என்று எழுந்து செருப்பை மாட்டியவர், வாசற்படியில் அப்படியே நின்றுவிட்டார். திரும்பி உள்ளே வந்தார். அவள் அடுப்பங்கரை மேடையில் சாய்ந்து நின்றாள். போன் மேடைமேல் இருந்தது. அவர் போனைப் பார்த்தார். பிறகு அவள் வாயைப் பார்த்தார். எதைப் பார்த்துப் பதில் சொல்வது என்று தெரியாமல் மறுபடி போனைப் பார்த்தார்.

அவள் நிதானமாக எதையோ தட்டினாள்.

"எங்க பாக்கறீங்க? நான் இங்க இருக்கேன்" என்றது அவள் குரல். அவள் அவர் தாடையைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"எவ்ளோ பால்?" என்று அவர் அவளைப் பார்த்துக் கேட்டார். அவள் இரண்டு விரலைக் காட்டினாள்.